திரைச்சீலையை மூடிப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்திருக்கிறீர்களா? மாட்டி முடித்ததும் இழுத்து மூடிப் பாருங்கள். பணப்பையை அதற்குப் பிறகு திறக்கலாம். நான் திரை விலகியிருந்த நிலையிலேயே பார்த்து, ஆகா என்று மகிழ்ந்து, முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்தவன்.

எங்கள் கூடத்தில் ஒரே சுவரில் இரண்டு ஜன்னல்கள். ஒன்று 60 அங்குல அகலம், மற்றொன்று 36. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கும் முகம் போலவே அந்தச் சுவர் தோன்றும். இடித்துக் கட்டாமல் திரைச்சீலையாலேயே சரிசெய்துவிடலாம் என்றார் தைப்பவர். அவர் சொன்ன வழியில் குறை இல்லை. இரண்டுக்கும் ஒரே நீளக் கம்பி, ஒரே உயரத்தில். கம்பி 80 அங்குலம் என்றால் பெரிய ஜன்னலின் இருபுறமும் 10 அங்குலச் சுவர் மறையும். சின்னதற்கு 22 அங்குலம். நடுவில் ஒரே அளவு இடைவெளி விட்டால், துணிக்குப் பின்னால் இருப்பது கண்ணாடியா சுவரா என்று யாருக்குத் தெரியப்போகிறது?

மடிப்பு நன்றாக விழ, துணி கம்பியைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். கடையில் வரும் துணியின் முழு அகலத்தைத்தான் பன்னா என்பார்கள். 54 அங்குலப் பன்னாவில் ஒரு ஜன்னலுக்கு 3 பன்னா, அதாவது ஒன்றரைப் பன்னா வீதம் இரண்டு திரை. இரண்டு ஜன்னலுக்கும் 6. நாங்கள் எடுத்தது பெரிய பூப்போட்ட துணி. 24 அங்குலத்துக்கு ஒருமுறை அதே பூ திரும்ப வரும். எல்லாத் திரையிலும் பூ ஒரே மட்டத்தில் நிற்க ஒவ்வொரு துண்டையும் 120 அங்குலமாக வெட்ட வேண்டும் என்று அவரே வரைந்து காட்டினார். 6 துண்டுக்கு 18.3 மீட்டர் என்று பில். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. நான் மயங்கியதும் அந்தக் கணக்கில்தான்.

நண்பகலில் வந்து மாட்டினார். திரைகளை ஓரமாக ஒதுக்கி, மடிப்புகளைக் கையால் நீவிவிட்டார். “இணைப்புத் தையல் ஒன்றுகூடக் கிடையாது, பாருங்கள், அவ்வளவு சுத்தமான வேலை” என்றார். துணி தரையிலிருந்து 3 அங்குலம் மேலே நின்றது. பெருக்க வசதியாக இருக்கும் என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

மாலையில் விளக்கைப் போட்டுத் திரையை மூடினேன். மடிப்பையே காணோம். கொடியில் காயப்போட்ட போர்வை போலத் தட்டையாக நின்றது. இடது திரையின் பூ என் மார்பளவில், வலது திரையின் பூ இடுப்பளவில். சின்னது பெரியது என்ற பேதம் மறைந்துவிட்டது உண்மைதான். இரண்டும் ஒரே மாதிரி அவலட்சணமாக இருந்தன.

அளவு நாடாவை எடுத்தேன். ஒரு திரையின் அடி அகலம் 51 அங்குலம். ஒன்றரைப் பன்னா இருந்திருந்தால் 77 இருக்க வேண்டும், நடுவில் ஓர் இணைப்புத் தையலும் இருக்க வேண்டும். அவர் பெருமையாகக் காட்டிய அந்தச் சுத்தம்தான் சாட்சி. திரைக்கு ஒரு பன்னா, மொத்தமே 4. நீளம் 93 அங்குலம், மேல்மடிப்பு 4, அடிமடிப்பு 2. எல்லாம் கூட்டினால் தொங்குவது ஏறக்குறைய 10 மீட்டர். மற்ற 8 மீட்டருக்குப் பூ ஒத்துவர வெட்டிய கழிவு என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை, பூதான் ஒத்துவரவே இல்லையே. அடிமடிப்பை அவிழ்த்து இறக்கலாம் என்றால் அதிலும் துணி இல்லை. 4 அங்குலமாவது மடித்திருந்தால் கனத்தில் நேராகத் தொங்கியிருக்கும். இது ஓரத்தில் சுருண்டுகொள்கிறது.

மறுநாள் தொலைபேசியில் அழைத்தேன். முதலில், இப்போது எல்லாரும் தட்டையாகத்தான் விரும்புகிறார்கள் என்றார். அளவுகளை வரிசையாகச் சொன்னதும் குரல் மாறியது. “வேண்டுமானால் அடியில் வேறு நிறத்தில் ஒரு கரை வைத்துத் தருகிறேன்” என்றார். மீதித் துணி எங்கே என்று கேட்டேன். அன்றோடு சரி, என் அழைப்பை அவர் எடுப்பதில்லை.

ஆகவே தைக்கக் கொடுக்கும்போதே, ஜன்னலுக்கு எத்தனை பன்னா, அடிமடிப்பு எத்தனை அங்குலம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். மீட்டர் கணக்கு மட்டும் போதாது. வெட்டிய துண்டுத்துணிகளையும் கேளுங்கள், தலையணை உறைக்காவது ஆகும். மாட்டியதும் ஒரு திரையைக் கம்பியிலிருந்து கழற்றித் தரையில் விரித்து அளந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. நேர்மையாகத் தைப்பவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.

நான்கு திரைகளையும் பெரிய ஜன்னலிலேயே மாட்டிப் பார்த்தேன். மடிப்பு பிரமாதமாக விழுகிறது. பக்கத்தில் சின்ன ஜன்னல் வெறும் கம்பியோடு நிற்கிறது.