சித்தப்பாவின் மாத்திரைச் சீட்டு

இந்த முறை டொராண்டோவிலிருந்து பேராவூரணிப் பக்கம் ஊருக்குப் போனதில், கோயில் குளத்தைவிட சித்தப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததுதான் அதிகம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் தென்னந்தோப்பை மொத்தமாகச் சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து மனிதருக்குத் தூக்கம் கிடையாது, பேச்சும் குறைந்துவிட்டது. முதலில், மனம் சரியில்லாதவர்களைக் கூட்டிப்போகும் திருச்சிப் பக்கத்துக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் 48 நாள் தங்கியிருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், சித்திக்கு அங்கேதான் கொஞ்சம் நிம்மதி கிடைத்ததாம். அப்புறம்தான் மாவட்ட மனநலத் திட்ட டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஓ.பி. சீட்டு போட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்த்தோம், அவசரப்படாமல் பேசினார், மாத்திரை இலவசம். கனடாவில் இதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த டாக்டர் குறிப்பிட்ட நாளில் மட்டும்தான் வருவார், அன்றைக்கு அவருக்கு வேறு முகாம் என்றால் பஸ் காசு தண்டம். அடுத்த முறை போனால் ஒரு மாத்திரை இருப்பில் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் வாங்கினோம், முடியாதவர் பாதியில் நிறுத்திவிடுவார், நோய் திரும்ப வரும். சுகர், பிரஷர் மாத்திரை அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021லிருந்து வாசலுக்கே வருகிறதே, இதையும் அதே பையில் போட்டால் என்ன?

என்னோடு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் போனில் இதைப் புலம்பினேன். 2004 சுனாமி நாகப்பட்டினத்தையும் அடித்தது, அவர்கள் கரையையும் அடித்தது. இலங்கையில் அதுவரை பெரும்பாலும் கொழும்புப் பக்கம் அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில் குவிந்திருந்த மனநல மருத்துவத்தை மாவட்டங்களுக்குக் கொண்டுபோக 2005லேயே கொள்கை வகுத்து, பயிற்சி கொடுத்த டாக்டர்களை அங்கங்கே நியமித்தார்கள். முன்பு 10 மாவட்டங்களில் இருந்த வசதி பின்னால் 20 ஆனதாக உலக சுகாதார நிறுவனம் 2013இல் எழுதியது. போர் 2009இல் முடிந்தபோது அந்த டாக்டர்கள் கைகொடுத்தார்கள் என்றார் அண்ணன். ஆனால் போரில் காணாமல்போன பிள்ளை என்ன ஆனான் என்றே தெரியாத தாய்க்கு எந்த மாத்திரை கொடுப்பது, அவளுக்கு முதலில் பதில் வேண்டும் என்றும் சொன்னார்.

நம் பக்கமும் சுனாமிக்கும் கஜாவுக்கும் ஆறுதல் சொல்ல வேன் வேனாக வந்தார்கள், கொஞ்ச நாளில் போய்விட்டார்கள். சித்தப்பாவுக்கு உதவியது சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அந்த ஒரு டாக்டர்தான். அவரைப் போல இன்னும் இரண்டு பேரைத் தாலுகாவுக்குள்ளேயே நிரந்தரமாகப் போடட்டும், அடுத்த புயலுக்கு முன்னால்.

ஊரில் இப்படி யாராவது உங்கள் வீட்டிலும் இருந்தால், மாத்திரைச் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு ராத்திரியிலும் போன் பண்ணலாம், தமிழில் பேசுவார்கள், இலவசம்.