அந்த மூன்று ரப்பர்த் துண்டும் எங்கே?

போன கிழமை மச்சான் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தான். கனடாவில், சிம்கோ ஏரிக்கரையிலுள்ள கெஸ்விக் பக்கம் ஒருவர் 2001ஆம் ஆண்டுப் படகொன்றை விற்கிறாராம், மே மாதம் கேட்ட விலையில் இரண்டாயிரம் டொலரைக் குறைத்துவிட்டாராம். என்னுடையதைப் போலவே என்ஜின் உள்ளே, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் ட்ரைவ் பின்னால் வெளியே. "உன்னட்டையும் இதுதானே இருக்கு, வாங்கலாமா மச்சான்?" என்று கேட்டிருந்தான். ஒரு சொல்லில் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. சிம்கோ ஏரியில் நான் ஓட்டிய நாலு கோடைகளில் மூன்று, என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தபடியே போயின. அதனால் முழுதாக எழுதுகிறேன், இதே வகைப் படகு வைத்திருக்கும் வேறு யாருக்காவதும் உதவட்டும்.

என்னுடையது 1998, 19 அடி, 4.3 லீற்றர் வி6, 190 குதிரைவலு, காபரேட்டர். ஏரித் தண்ணீரையே நேரே இழுத்துக் குளிரும் வகை, ரேடியேட்டர் மாதிரி எதுவும் கிடையாது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மோட்டர்ஸ் இந்த வி6ஐ லொறிகளிலும் வான்களிலும் பல வருடங்கள் போட்டது, அதனால் இதன் உள்ளுறுப்புகளை அறியாத மெக்கானிக் இல்லை, பல பாகங்கள் இலகுவாகக் கிடைக்கும். (இலகுவாகக் கிடைக்கும் என்பதற்காக ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் கார்க் கடையில் வாங்கிவிடாதீர்கள். பெற்றோல் ஆவி தேங்கக்கூடிய இடத்தில் தீப்பொறி வெளிவராதபடி செய்த படகுக்குரியதைத்தான் போட வேண்டும்.) பின்பக்கம் அவுட்போர்ட் மோட்டர் தொங்காததால் பிள்ளைகள் தட்டையான பலகையில் நின்று தண்ணீருக்குள் குதிக்கலாம். காலையில் ஏரி கண்ணாடியாகக் கிடக்கும்போது, ஆவி போக ப்ளோவரை நாலு நிமிடம் ஓடவிட்டுத் திறப்பைத் திருப்பினால், அந்த வி6 உறுமி எழும் சத்தத்துக்கு ஈடாக எனக்கு வேறு சத்தம் இல்லை.

ஆனால் ஒரு குறை, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. சின்ன வயதில் பருத்தித்துறையில் சித்தப்பாவின் வள்ளத்தில் ஏறுவேன். மோட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ணியதும் அவர் திரும்பிப் பார்க்காமலே "தண்ணி பீச்சுதோ பார்" என்பார். மோட்டரின் பின்னால் விரல் தடிப்பில் ஒரு தாரை பீச்சி அடிக்கும், விரலை நீட்டிச் சூட்டையும் பார்ப்போம். அந்த ஒரு தாரையில் பம்பு வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். என் படகில் அது கிடையாது. ட்ரைவின் கீழ்ப்பகுதி தண்ணீரை உறிஞ்சுகிறது, அது என்ஜினைச் சுற்றி வந்து, புகையோடு சேர்ந்து, ஏரிக்கு அடியில் ப்ரொப்பெல்லரின் நடுவால் போய்விடுகிறது. ஓட்டுபவனுக்கு மிஞ்சுவது ஒரு முள் மட்டும்.

அந்த முள் முதல் கோடையின் நடுவிலேயே எழும்பத் தொடங்கியது. சும்மா நின்றால் 160 பாகை ஃபாரன்ஹீட், அதாவது தண்ணீருக்கு வழி விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு. நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடினாலும் அதே 160. 3500க்கு ஏற்றி ஐந்து நிமிடம் ஓடினால் 180, பிறகு 200. வேகத்தைக் குறைத்தால் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். இதை நன்றாகக் கவனியுங்கள். மெதுவாகப் போகும்போது நல்லாயிருந்து, வேகத்தில் மட்டும் சூடேறினால், தண்ணீர் வருகிறது, ஆனால் போதவில்லை என்று அர்த்தம். எங்கோ வழி ஒடுங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் பம்பு களைத்துவிட்டது.

கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ட்ரைவின் கீழ்ப்பகுதியைக் கழற்றி இம்பெல்லரை மாற்றினார்கள். அது பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சில்லு, பூவிதழ் மாதிரி விரிந்த துடுப்புகளுடன் இருக்கும். பழையதை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். மூன்று இதழ்கள் பாதியோடு ஒடிந்திருந்தன. "அதுதான் பிரச்சினை, இனி பயமில்லை" என்றார்கள். அடுத்த சனிக்கிழமை முழு வேகத்தில் ஓடினேன், முள் அசையவில்லை. அதற்கடுத்த கிழமை மறுபடியும் 200.

இரண்டாம் கோடையில் தெர்மோஸ்டாட் மாற்றினோம். ஒரு பயணம் நல்லாயிருந்தது, பிறகு பழையபடி. மூன்றாம் கோடையில் புகை வெளியேறும் எக்சோஸ்ட் மேனிஃபோல்டும் அதன் வளைந்த குழாயான எல்போவும் உள்ளே துருவால் அடைந்திருக்கும் என்றார்கள், இரண்டு பக்கமும் மாற்றினார்கள், கூலியோடு இரண்டாயிரத்து நானூறு டொலர். கழற்றிய எல்போவை நான் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய துரு இருந்தது, ஆனால் தண்ணீர் வழி திறந்துதான் இருந்தது. கடலில் ஓடும் படகுகளில் அவை சில வருடங்களில் அரித்து அடைத்துவிடும், உண்மைதான். என்னுடையது வாழ்நாள் முழுக்க நன்னீரில் கிடந்த படகு. அன்றைக்கே வாய் திறந்திருக்க வேண்டும். ஏனோ பேசாமல் காசைக் கட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் ஒரு பயணம் நல்லாயிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் சொன்ன எதுவும் பொய் இல்லை. இம்பெல்லர் தேய்ந்துதான் இருந்தது, தெர்மோஸ்டாட்டும் பழசுதான். ஜூலை மாதத்தில் முப்பது படகு வரிசையில் நிற்கும் இடத்தில் யாருக்கும் நின்று யோசிக்க நேரமில்லை. ஆனாலும், ஒடிந்த மூன்று இதழ்களைக் கண்ணால் பார்த்த மனிதர், அந்தத் துண்டுகள் எங்கே போயின என்று ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். நானும் கேட்கவில்லை. பை என் கராஜில்தான் கிடந்தது.

இதற்கிடையில் என்னைக் குழப்பிய இன்னொரு விஷயம் உண்டு. குடும்பத்தோடு ட்ரென்ட்-செவர்ன் கால்வாயில் ஏறி, கெர்க்ஃபீல்ட் தூக்குப்பூட்டு வரை போனோம். 1907இல் திறந்தது, தண்ணீர்த் தொட்டியோடு படகைச் சேர்த்து ஏறக்குறைய 15 மீற்றர் தூக்கிவிடும், பிள்ளைகள் இன்னும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். நாள் முழுக்க முள் 160ஐ விட்டு நகரவில்லை. சரி, சுகமாகிவிட்டது என்று நம்பினேன். ஒடுங்கிய கால்வாய்ப் பகுதிகளில் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போக முடியாது என்பதை மறந்துவிட்டேன். வேகத்தில் மட்டும் வரும் வருத்தம் அங்கே எப்படிக் காட்டும்?

வீட்டு முற்றத்தில் ட்ரைவின் இரண்டு பக்கமும் ரப்பர்க் கிண்ணங்களை மாட்டி, தோட்டக் குழாய்த் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பதும் அதே மாதிரி ஏமாற்றும். குழாய்த் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே உள்ளே போகும், களைத்த பம்புகூட அங்கே நல்ல பம்பு மாதிரித் தெரியும். முற்றத்தில் சுகமாக ஓடியது என்று யாராவது சொன்னால், அது ஏரிக்கான பதில் இல்லை.

நாலாம் கோடையில் கடைக்குப் போகவில்லை. தொடாமல் சூடு பார்க்கும் கைவெப்பமானி ஒன்றை நாற்பது டொலருக்கு வாங்கினேன். மனைவி ஓட்ட, நான் மூடியைத் திறந்து வைத்து, 3500 சுற்றில் ஒவ்வோர் இடமாகப் பிடித்தேன். முள் 200 காட்டியபோது தெர்மோஸ்டாட்டின் உறை 194. அப்படியானால் முள் பொய் சொல்லவில்லை (சென்சார் வயரில் கோளாறு இருந்தாலும் முள் எகிறும், அதனால் இதை முதலில் தீர்த்துவிட வேண்டும்). இடது எல்போவும் வலது எல்போவும் ஏறக்குறைய ஒரே சூடு. ஒன்று அடைத்திருந்தால் இரண்டும் வேறுபடும். எல்போக்களை மாற்ற முதல் இந்த நாற்பது டொலரைச் செலவழித்திருந்தால் என்ன என்று நினைக்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

பிறகு வாளி. படகைத் துறையில் கட்டி, என்ஜினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, ஒரு வாளிக்குள் விட்டு, 1000 சுற்றில் சரியாக 15 செக்கன் மட்டும் ஓடவிட்டேன். அதற்கு மேல் விடக்கூடாது, எக்சோஸ்ட் தண்ணீரின்றிக் காய்ந்து அதன் ரப்பர் ஹோஸ்கள் வெந்துவிடும். ட்ரைவிலிருந்து தண்ணீர் வழியாகவே நடந்து வந்தால், பின்பலகையைத் தாண்டியதும் முதலில் வருவது பவர் ஸ்டியரிங் எண்ணெயைக் குளிரவைக்கும் சின்னக் கூலர். உள்ளங்கை நீளத்தில் ஒரு செப்பு உருளை, உள்ளே மெல்லிய குழாய்கள். அதற்கு முன்னால் பிடித்தபோது வாளி பாதிக்கு மேல் நிரம்பியது. அதற்குப் பின்னால் பிடித்தபோது காலும் நிரம்பவில்லை.

கூலரைக் கழற்றி, டோர்ச்சை அடித்து, வாய்க்குள் பார்த்தேன். கறுப்பாக, விரல்நகம் அளவில், ஒரு விளிம்பு நேராகவும் மறு விளிம்பு பிய்ந்தும், ஒரு ரப்பர்த் துண்டு குழாய்களின் மேல் இலை மாதிரி ஒட்டிக் கிடந்தது. குறட்டால் இழுத்தேன். பின்னால் இன்னொன்று. அதன் இடுக்கில் பாசித் திரளோடு மூன்றாவது, இரண்டாகப் பிளந்து. எங்கள் ஏரியின் குக்ஸ் குடாவின் களைகளைக் கண்டவர்களுக்கு அந்தப் பாசி எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. பழைய இம்பெல்லரைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, துண்டுகளை ஒடிந்த இடங்களில் பொருத்தினேன். பொருந்தின.

ஒவ்வொரு திருத்தலுக்குப் பிறகும் ஒரு பயணம் நல்லாயிருந்தது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஹோஸ்களைக் கழற்றித் தண்ணீரை வடிக்கும்போது துண்டுகள் வாயை விட்டு விலகும். வேகமாக ஓட, தண்ணீர் அவற்றைத் திரும்பவும் தள்ளிக் குழாய்களின் மேல் அப்பிவிடும். மாற்றிய ஒவ்வொரு பாகமும் குற்றவாளி மாதிரித் தெரிந்தது அதனால்தான். செலவு? ஹோஸ் கிளிப் இரண்டு, எட்டு டொலர். சூடு என்ஜினைக் கெடுத்ததா என்று அறிய, சிலிண்டர்களின் அழுத்தத்தையும் (கம்ப்ரஷன்) பார்த்தேன், ஆறின் அளவும் நெருக்கமாகவே நிற்கின்றன. 200ஐத் தொட்ட ஒவ்வொரு தடவையும் உடனே வேகத்தைக் குறைத்தது காப்பாற்றியிருக்கிறது.

இந்தக் கோடையில் ஜாக்சன்ஸ் பொயின்ட்டிலிருந்து ஜோர்ஜினா தீவைச் சுற்றி முழு வேகத்தில் ஓடினேன், முள் 160இல் ஆணி அடித்த மாதிரி நின்றது. மகள் முன்னால் இருந்து கத்திக்கொண்டே வந்தாள். அந்த அரை மணித்தியாலத்துக்காக இந்த என்ஜினை இன்னும் பத்து வருடம் வைத்திருப்பேன்.

மச்சான், நீ வாங்காதே. அதே காசுக்குக் கொஞ்சம் சின்னதாக, பின்னால் மோட்டர் தொங்கும் படகைத் தேடு, தண்ணீர் பீச்சுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம். கேட்க மாட்டாய் என்று தெரியும், இரண்டாயிரம் குறைந்தது உன் மனதைப் பிடித்துவிட்டது. அப்படியென்றால் முற்றத்தில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துக் காசு கொடுக்காதே, ஏரியில் இறக்கி 3500 சுற்றில் பத்து நிமிடம் ஓடச் சொல். கடைசியாக இம்பெல்லர் மாற்றியது எப்போது, பழையது முழுசாக வந்ததா என்று கேள். ஞாயிறு காலை எனக்கு வேலை இல்லை, வெப்பமானியும் வாளியும் காரில்தான் இருக்கின்றன.