கிள்ளான் பக்கம் போஸ்டர், பந்திங் (நீட்டுவாக்குல தொங்க விடுற பேனர்) டிசைன் குடுக்கப் போறீங்களா? பேலன்ஸ் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

பெஸ்தாரி ஜெயா, அதான் நம்ம பழைய பத்தாங் பெர்ஜுந்தை, அப்புறம் ஈஜோக், கோல சிலாங்கூர் பக்கம் இருக்குறவங்க கொஞ்சம் ஷேர் பண்ணுங்க. கோயில் திருவிழா பேனர்லேர்ந்து பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் பந்திங் வரைக்கும் எல்லாத்துக்கும் ஆர்டர் எடுக்குற ஒரு டிசைன் கம்பெனி, கிள்ளான் பக்கம், பேரு இங்க போடல.

எங்க தாமான்ல, அதான் குடியிருப்புல, ஆத்துல குப்பை கொட்டாதீங்கன்னு ஒரு கேம்பெய்ன் எடுத்தோம். நம்ம ஊரத் தாண்டிப் போற சிலாங்கூர் ஆத்துத் தண்ணிதான் கீழ கம்போங் குவாந்தானுக்குப் போவுது, அங்க பெரெம்பாங் மரத்துல மின்மினிப்பூச்சி கூட்டமா ஒரே நேரத்துல மினுங்குறதப் பாக்க வெளிநாட்டுக்காரன்லாம் வரான், நம்ம தோட்டத்துப் புள்ளைங்க பாதிப்பேரு இன்னும் பாத்ததே இல்ல. அந்தப் பூச்சியோட புழு ஆத்தோரம் ஈரமண்ணுல சின்னச் சின்ன நத்தையத் தின்னுதான் வளருது, மரத்த வெட்டி கரைய நாசம் பண்ணிட்டா புழுவும் இல்ல பூச்சியும் இல்ல. இதப் படமா போட்டுக் காட்டணும், கூடவே ரீசைக்கிள் தொட்டி சார்ட் ஒண்ணு. பேக்கேஜ் 1,200 வெள்ளின்னான் அந்தக் கம்பெனிக்காரன், பாதி டெபாசிட் பேங்க்ல போட்டாச்சு.

ரொம்ப நாள் இழுத்தடிச்சு ஒரு வழியா டிராஃப்ட் வந்துச்சு. என்ன படம் தெரியுமா? ஒரு கண்ணாடிப் பாட்டில், மூடி போட்டு, உள்ளார மின்மினிப்பூச்சிய அடைச்சு வெச்சு, புல்வெளில ஒரு வெள்ளக்காரப் புள்ள அதப் புடிச்சுக்கிட்டு சிரிக்குது! பூச்சியக் காப்பாத்துங்கன்னு போடுற போஸ்டர்ல அதப் புடிச்சு எப்புடி அடைக்கிறதுன்னு காட்டியிருக்கான். ஆறு எங்க, மரம் எங்க, ஒண்ணும் இல்ல. "தம்பி, என்ன இது?"ன்னு கேட்டா, "அக்கா, இதுதான் இப்ப ட்ரெண்டு, பாக்க கியூட்டா இருக்கும்லா" அப்படிங்குறான். பெருசு பண்ணிப் பாத்தா புல்லு மேல மங்கலா வாட்டர்மார்க் எழுத்து ஓடுது. கூகுள் லென்ஸ்ல போட்டா அதே படம் ஸ்டாக் போட்டோ சைட்ல விலைக்கு நிக்குது, காசு குடுத்து வாங்காம அப்படியே சுட்டிருக்கான்.

தமிழ் எழுத்து அதவிடக் கேவலம். "கொட்டாதீர்"ல கொம்பு ஒரு பக்கம் நிக்குது, "குப்பை"ல ஐகாரம் பின்னாடி போய் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரு எடத்துல புள்ளி வட்டம் போட்ட பேய் எழுத்து. ஃபோட்டோஷாப்லயும் இல்லஸ்ட்ரேட்டர்லயும் இந்திய மொழிக்கான செட்டிங் இருக்கு, அத ஆன் பண்ணாம டைப் பண்ணா இப்படித்தான் ஒடையும். ஒரு தமிழ் ஆளு அனுப்புறதுக்கு முன்னாடி ஒருவாட்டி படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், ஆனா அவன் படிக்கவே இல்ல.

ரீசைக்கிள் சார்ட்ல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு தொட்டி. எந்த நாட்டு டெம்ப்ளேட்டோ. நம்ம நாட்டுல நீலம் பேப்பருக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும், பிரவுன் கண்ணாடிக்கு. இத ஒட்டிருந்தா பாட்டி தாத்தாலாம் தொட்டி முன்னாடி நின்னு முழிச்சிருப்பாங்க.

திருத்துன்னு சொன்னா கலர மட்டும் மாத்தி, படத்த கொஞ்சம் வெட்டி அனுப்புறான். டெஸ்ட் பிரிண்ட் கேட்டு வாங்குனோம், நல்ல வேளை. ஸ்க்ரீன்ல பளிச்சுனு தெரிஞ்ச மஞ்சப்பச்சை வெளிச்சம் பேப்பர்ல பாசி புடிச்ச கலரா வந்துச்சு. ஸ்க்ரீனுக்கான ஆர்ஜிபி கலர்ல செஞ்சத பிரிண்டுக்கான சிஎம்ஒய்கேக்கு மாத்திப் பாக்கவே இல்ல. ராத்திரி வெளிச்சத்தக் காட்டுற படத்துக்கு இதுதான்யா உசுரே. பந்திங் ஃபைல் அதவிட மோசம், வாட்சாப்ல வந்த சின்ன ஜேபெக்க இழுத்து பெருசாக்கி வெச்சிருக்கான், கட்டங்கட்டமா தெரியுது.

சரி, நாங்களே திருத்திக்கிறோம், ஓப்பன் ஃபைல், அதான் திருத்துற மாதிரி இருக்குற ஒரிஜினல் ஃபைல், குடுன்னோம். இன்னும் 500 வெள்ளி கட்டுங்க, காப்பிரைட் எங்களோடதுன்னான். படமே திருட்டு, இதுல காப்பிரைட் வேற! மலேசியா 1987 காப்பிரைட் சட்டம் 26வது பிரிவுல, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லன்னா ஆர்டர் குடுத்து செய்யச் சொன்னவங்களுக்குத்தான் உரிமை போவும். ஆனா ஓப்பன் ஃபைல கையில குடுக்குறது தனி விஷயம், அதனால கொட்டேஷன்லயே அது உண்டுன்னு எழுதி வாங்கிக்குங்க, படம் எங்கேர்ந்து எடுத்தான், லைசென்ஸ் ரெசிட் இருக்கான்னும் கேளுங்க. செமாக் மூலேல, அதான் மோசடிப் புகார் வந்த அக்கவுண்டானு பாக்குற போலீஸ் சைட்ல, அக்கவுண்ட் நம்பர் போட்டுப் பாத்தேன், அவன் மேல ஒண்ணும் இல்ல, இந்த மாதிரி விஷயத்துக்கு யாரும் போலீஸ் ரிப்போர்ட் போடுறது இல்லையே.

சொந்த வேலைக்கு, கல்யாண கார்டு, பொறந்தநாள் பேனருக்குன்னு ஏமாந்தவங்க நுகர்வோர் தீர்ப்பாயம் போலாம், ஃபீஸ் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், லாயர் வேணாம். எங்களுது தாமான் வேலை, அந்த வழி சரிப்படாது. பேலன்ஸ் கட்டல, கட்டவும் மாட்டோம். டெபாசிட் திருப்பிக் கேட்டு லெட்டர் போட்டிருக்கோம், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.

இப்ப நம்ம ஊரு புள்ள ஒண்ணு, டிசைன் படிக்குது, பெரெம்பாங் மரத்தையும் கரையையும் கையால வரைஞ்சு குடுத்திருக்கு. நல்லா இருக்கு, பிரிண்ட் ஆனதும் போடுறேன். கம்பெனி பேரு வேணும்னா பிஎம் பண்ணுங்க, கமெண்ட்ல கேக்காதீங்க.