இரசாயனவியலுக்கு நம்பி அனுப்பலாம், 9ஏ குறூப்புக்காக அனுப்ப வேண்டாம்

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியிலிருந்து ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற ரியூசன் சென்ரர் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை, ஏனென்றால் நான் குறை சொல்லப்போகிற முறை இங்கே வேறு இடங்களிலும் நடக்கிறது. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதி முடித்த கையோடு, றிசல்ட் வருவதற்கு முதலே தொடங்குகிற ஏ.எல். (உயர்தர) உயிரியல் பிரிவு வகுப்பில் என் பெறாமகளை, அக்காவின் மகளை, சேர்த்தோம். பிள்ளை விசுவமடுவிலிருந்து பரந்தன் வந்து அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போகிறாள், பஸ்ஸுக்கும் வகுப்புக்கும் காசு கட்டி இவ்வளவு தூரம் அனுப்புவது பிரயோசனமா என்று கேட்கிற பெற்றோருக்காகத்தான் இது.

முதலில் நல்லது. இரசாயனவியல் சேரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஓ.எல். விஞ்ஞானத்தில் ஏ எடுத்த பிள்ளைகள்கூட ஏ.எல். இரசாயனவியலில் முதல் தவணையிலேயே திணறுவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் அப்படி. இவர் அது தெரிந்து நடத்துகிறார். மூல், பீசமானம் எல்லாவற்றையும் ஓ.எல். பாடத்திலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு வந்து, பிள்ளைக்கு விளங்கிய பிறகுதான் அடுத்ததுக்குப் போகிறார். கடந்தகால வினாத்தாளில் அமைப்புக் கட்டுரை வினாக்களை எழுத வைத்து, கொப்பியை வாங்கித் தானே திருத்திக் கொடுக்கிறார், எங்கே புள்ளி போயிற்று என்று பக்கத்தில் எழுதியும் விடுகிறார். பெரிய வகுப்பில் இதைச் செய்கிற ஆசிரியர் கிடைப்பது அரிது. பௌதிகவியல் பரவாயில்லை. உயிரியல் வெறும் நோட்ஸ் சொல்லி எழுத வைக்கிற வகுப்பு, அதைப் பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

இனிக் குறைக்கு வருகிறேன். றிசல்ட் வந்த கிழமையே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஓ.எல்.லில் ஒன்பது பாடத்திலும் அல்லது எட்டில் ஏ, அதாவது 9ஏ, 8ஏ எடுத்தவர்கள் முன் மண்டபத்தில், அந்த இரசாயனவியல் சேரிடம். மற்றவர்கள் பின்னாலுள்ள கொட்டகையில், புதிதாக வந்த ஒரு ஆசிரியரிடம். எங்கள் பிள்ளைக்கு 7ஏ, ஒரு பி, ஆங்கிலத்தில் எஸ், அதாவது சாதாரண சித்தி. அவளுடைய பள்ளிக்கூடத்தில் நீண்ட காலம் ஆங்கிலத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கவில்லை, வன்னியில் இது யாருக்கும் புதிய கதை இல்லை. விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ஏ எடுத்த பிள்ளையை ஆங்கில எஸ்ஸுக்காக இரசாயனவியலில் பின்னுக்குத் தள்ளுவது எந்த நியாயத்தில் சேரும்? அக்கா போய்க் கேட்டபோது நிர்வாகத்திலிருந்த ஒருவர் சொன்ன பதில்: “கம்பஸ் எடுக்கேக்க ஓ.எல். றிசல்ட்டையும் பார்ப்பினம் அக்கா, 9ஏ இல்லாட்டி மெடிசின் கஷ்டம்.” அதே கதையைப் பெற்றோர் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறார்கள்.

இது பிழை, அதுவும் பிள்ளைகளின் மனதை உடைக்கிற பிழை, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். அரச பல்கலைக்கழக அனுமதியில் பிள்ளைகளை வரிசைப்படுத்துவது ஏ.எல். மூன்று பாடங்களின் இசட் புள்ளி. 2001 இலிருந்து இதுதான் முறை. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் வந்ததைச் சராசரியாக்குவார்கள். இந்தக் கணக்கில் ஓ.எல். பெறுபேறு நுழைய இடமே இல்லை. அப்புறம் மருத்துவம், பொறியியல் மாதிரியான கற்கைநெறிகளில் இடங்களைப் பிரிக்கும்போது தீவு முழுவதுக்குமான திறமைக்கு 40 வீதம், சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு 55 வீதம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 வீதம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. அங்கேயும் பார்ப்பது இசட் புள்ளியைத்தான். முல்லைத்தீவுப் பிள்ளைக்கு முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளி, 9ஏ எடுத்த பிள்ளைக்கும் 7ஏ எடுத்த பிள்ளைக்கும் அது ஒன்றுதான்.

இந்தத் தவறான எண்ணம் பாதி லண்டனிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். அங்கேயுள்ள சொந்தக்காரர் போன் எடுத்து, ஜிசிஎஸ்இ (அங்கே ஏ.எல்.லுக்கு முதல் எழுதுகிற பொதுப் பரீட்சை) றிசல்ட் சரியில்லாவிட்டால் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பதே வீண் என்று சொல்லுவார்கள், இங்கே அதை ஓ.எல்.லுக்குப் பொருத்திக்கொள்கிறோம். அவர்கள் சொல்வது அந்த நாட்டுக்குப் பெரும்பாலும் சரி. அங்கே பிள்ளை ஏ.எல். எழுதுவதற்கு முதலே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறது, ஆசிரியர் எதிர்பார்க்கிற கிரேட்டைத்தான் அனுப்புகிறார்கள், அந்த நேரத்தில் கையில் இருக்கிற உண்மையான பொதுப் பரீட்சைப் பெறுபேறு ஜிசிஎஸ்இ மட்டும். ஒக்ஸ்போர்ட் மருத்துவத்துக்கு நேர்முகத்துக்கு ஆள் தெரியும்போது ஜிசிஎஸ்இ பெறுபேறுகளையும் நுழைவுப் பரீட்சையையும் சேர்த்துப் பார்க்கிறது, அதிலும் பிள்ளை படித்த பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்பதைக் கணக்கில் எடுத்துத்தான். நாங்களோ ஏ.எல். றிசல்ட் கையில் வந்த பிறகுதான் விண்ணப்பிக்கிறோம். முடிவான பரீட்சையின் பெறுபேறே இருக்கும்போது பழைய பரீட்சையைப் பார்த்து ஊகிக்க வேண்டிய தேவை இங்கே யாருக்கும் இல்லை.

அதற்காக ஓ.எல். ஒன்றும் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஏ.எல். படிக்கவே ஆறு பாடச் சித்தி வேண்டும், தாய்மொழியும் கணிதமும் அதற்குள் இருக்க வேண்டும், மூன்று பாடத்திலாவது சி, அதாவது திறமைச் சித்தி. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்குப் பள்ளிக்கூடங்கள் அந்தப் பாடங்களில் அதைவிடக் கூடக் கேட்கும். சில பட்டக் கற்கைநெறிகளுக்கு இசட் புள்ளி இருந்தாலும் ஓ.எல். ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறிப்பிட்ட சித்தி இல்லாவிட்டால் விண்ணப்பிக்க முடியாது. அரச வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் ஓ.எல். சான்றிதழைக் கேட்பார்கள். எங்கள் பிள்ளையின் ஆங்கில எஸ்ஸைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இதுதான்: மருத்துவத்துக்கு அது தடையில்லை, ஆனால் நாளைக்கு வேறு கற்கைநெறிக்கு மாற நினைத்தால் எதற்கெல்லாம் கதவு சாத்தியிருக்கும் என்று இப்போதே பார்த்துவைக்க வேண்டும், தேவையென்றால் ஆங்கிலத்தை மட்டும் திரும்ப எழுதலாம். காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டல் என்று கூட்டம் வைக்கிறவர்கள் இதைச் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் வெளியிடுகிற அனுமதிக் கைநூலில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் என்ன தகுதி வேண்டும் என்று தமிழிலேயே இருக்கிறது, இணையத்தில் எடுக்கலாம். ஏ.எல். றிசல்ட் வந்த பிறகு தேடுகிற புத்தகம் என்று அதை வைக்காமல் ஓ.எல். றிசல்ட் வந்த கிழமையே தாயும் பிள்ளையும் இருந்து வாசியுங்கள். அக்காவும் பிள்ளையும் ஒரு பின்னேரம் இருந்து வாசித்தார்கள், அதற்குப் பிறகுதான் பிள்ளை பழையபடி கொப்பியைத் திறந்தாள்.

இன்னொரு சங்கடம் வாசலில் தொங்குகிற 9ஏ படங்கள். ஓ.எல்.லில் 9ஏ எடுத்த பிள்ளையைப் பாராட்டத்தான் வேண்டும், அந்தப் பிள்ளையின் உழைப்பு அது. ஆனால் ஏ.எல். வகுப்புக்கு ஆள் சேர்க்க ஓ.எல். படத்தைப் போடுவது பெற்றோரைத் திசைதிருப்புகிற வேலை. கடந்த முறை ஏ.எல். எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தியடைந்தார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகம் போனார்கள் என்று கேளுங்கள். அக்கா கேட்டதற்குத் தெளிவான பதில் வரவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் எங்கள் வாசலிலேயே இருக்கின்றன, நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

கடைசியில் அக்கா விடாமல் நின்று கதைத்ததில், இரசாயனவியலுக்கு மட்டும் பிள்ளையை முன் மண்டபத்துக்கு மாற்றினார்கள். அந்தச் சேரே “எனக்குப் பின்னாலிருந்து ஆக்களை எடுக்கிறதிலை ஒரு பிரச்சினையும் இல்லை” என்று சொன்னாராம். அதனால் சேர்க்கப் போகிறவர்கள் முழுப் பொதியாகக் காசு கட்ட வேண்டாம், இரசாயனவியலுக்குத் தனியாகக் கட்டலாம், கேட்டால் விடுகிறார்கள். எந்தக் குறூப், எந்த ஆசிரியர் என்று காசு கட்டுவதற்கு முதலே கேட்டு எழுதி வாங்குங்கள். பின்னேர வகுப்பு சொன்ன நேரத்துக்கு முடிவதில்லை, பரந்தன் தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் போகிற பிள்ளைகளுக்குப் பஸ் தவறும், ஆகவே சனி, ஞாயிறு காலை வகுப்பைக் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கான மலசலகூடம் திருத்த வேண்டிய நிலையில் இருக்கிறது, இதையும் எல்லாருமாகச் சேர்ந்து சொன்னால்தான் செய்வார்கள்.