கார்டியாமொபைல் கையடக்க ஈ.சி.ஜி. கருவி: படபடப்புக்கு உதவும், நெஞ்சுவலிக்கு உதவாது

அலைவ்கோர் நிறுவனத்தின் கார்டியாமொபைல், இரண்டு உலோகத் தகடுகள் பதித்த மெல்லிய பட்டை. இரு கைவிரல்களையும் தகடுகளின் மேல் வைத்து 30 விநாடி அசையாமல் இருந்தால், கைகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைப் பதிந்து கைப்பேசியிலுள்ள அதன் செயலிக்கு அனுப்புகிறது. மருத்துவமனை ஈ.சி.ஜி.யில் எடுக்கும் 12 லீடுகளில், அதாவது இதயத்தின் மின்னோட்டத்தை வெவ்வேறு கோணங்களிலிருந்து பார்க்கும் பதிவுகளில், முதலாவதற்கு இது இணை. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் படபடப்பு அடங்கிவிடும் என் தந்தைக்காக இதை வாங்கினோம்.

மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையில் சேரும் இடத்தருகே இருக்கும் எஸ்.ஏ. கணு, ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தானாகவே மின்தூண்டலை எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவுவது பி அலையாகப் பதிவாகிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள ஏ.வி. கணு அத்தூண்டலை ஏறத்தாழப் பத்தில் ஒரு விநாடி நிறுத்தி வைத்து, மேலறைகள் தம் இரத்தத்தைக் கீழே இறக்கி முடிக்க அவகாசம் தருகிறது. பின்னர் ஹிஸ் கற்றை, அதன் கிளைகள், பர்கின்ஜி இழைகள் ஆகிய மின்கடத்தும் இழைகள் வழியாக அது கீழறைகளை எட்டும்போது கியூ.ஆர்.எஸ். எனப்படும் கூரிய அலை எழுகிறது. செயலி தரும் பி.டி.எஃப். கோப்பில், பி அலையின் தொடக்கத்துக்கும் கியூ.ஆர்.எஸ். தொடக்கத்துக்கும் இடையே, இயல்பான அளவான மூன்று முதல் ஐந்து சிறு கட்டங்கள் இருக்கின்றனவா என்று கண்ணாலேயே எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் இந்த லீடில் பி அலை பெரும்பாலும் சிறியது. விரல் வறண்டிருந்தாலோ கை நடுங்கினாலோ கோட்டின் அதிர்வில் அது மறைந்துபோக, வகைப்படுத்த இயலவில்லை என்று செயலி கைவிரித்துவிடும். விரல்களைச் சற்று ஈரப்படுத்தி, முழங்கைகளை மேசைமேல் ஊன்றவைத்த பிறகே தந்தையின் பதிவு தெளிந்தது. படபடப்பின்போது எடுத்த பதிவில் பி அலை எங்குமே இல்லை, கியூ.ஆர்.எஸ்.கள் சீரற்ற இடைவெளியில் விழுந்திருந்தன. மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம் என்று செயலி காட்டியதை இதயநோய் மருத்துவர் கோப்பைப் பார்த்து உறுதிசெய்தார். இந்த ஒரு பதிவுக்கே கொடுத்த விலை தகும் என்பது என் கருத்து.

நெஞ்சுவலிக்கு இதை நம்பக் கூடாது. இதயத்தை ஒரே கோணத்திலிருந்து பார்க்கும் கருவியால் மாரடைப்பைக் கண்டறிய முடியாது. செயலியும் அதையே எச்சரிக்கிறது. திரையில் இயல்பு என்று வந்தாலும், வலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்க வேண்டாம்.