டிராவலர் கேம்பரில் டிஸ்கோ லைட்டைக் கழற்றிய பிறகு: நீண்டநாள் அனுபவம்

எங்கள் கேம்பர், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணிக்கும் வேன், ஒரு பழைய ஃபோர்ஸ் டிராவலர், 3350 வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே 3350 மில்லிமீட்டர்). சபரிமலை சீசனுக்கும் கல்யாண வாடகைக்கும் ஓடிய வண்டி. சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, அலமாரி எல்லாம் போட்டாகிவிட்டது, கூரை மட்டும் டூரிஸ்ட் வேனாகவே இருந்தது. ஓரமெல்லாம் நீலமும் ஊதாவுமாக எல்இடி பட்டை, நடுவில் வரிசையாக ஆறு 10 வாட் பல்பு. அந்த ஊதா வெளிச்சத்தில் சாம்பாரைப் பார்த்தால் வந்த பசியும் போய்விடும். எல்லாவற்றையும் கழற்றி, குறைந்த வாட்டில் வேறு எல்இடி விளக்குகள் போட்டுச் சில வருடங்கள் ஓடிவிட்டன.

எல்லோரும் முதலில் கேட்பது கரண்ட் மிச்சமாகிறதா என்றுதான். ஆறு பல்பும் எரிந்தால் 60 வாட், அதாவது 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். நாலு மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-ஹவர் போய்விடும். இப்போது எல்லா விளக்கையும் போட்டாலும் 20 வாட்டைத் தாண்டாது, வழக்கமாக எரிவது அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி இருக்கும் வண்டியில் இது பெரிய லாபமில்லை. நம் ஊர் வெக்கையில் ராத்திரி பூராவும் ஓடும் ஃபேன்தான் பேட்டரியைக் காலி செய்கிறது. மிச்சத்துக்காக மட்டும் விளக்கை மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஃபேனைப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது வோல்டேஜ். கடையில் 12 வோல்ட் பட்டை என்று தருவது சரியாக 12-க்குக் கணக்குப் போட்டுச் செய்தது. மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கண்ணி, இப்படிக் கண்ணி கண்ணியாகப் பட்டை முழுக்க ஓடும். மூன்று எல்இடிக்கும் சேர்த்து ஏறத்தாழ 9.6 வோல்ட் போக, மீதி 2.4 ரெசிஸ்டரின் தலையில். எஞ்சின் ஓடும்போது லைன் வோல்டேஜ் 14.4 வரை ஏறும். அப்போது ரெசிஸ்டருக்கு 4.8, ஏட்டுக் கணக்குப்படி கரண்ட் இரண்டு மடங்கு. எஞ்சின் நின்றிருந்தாலும் லித்தியம் பேட்டரி 13 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். சூடு ஏறும், எல்இடி சாகும். பழைய பட்டையில் மூன்று மூன்றாகப் பல் விழுந்த மாதிரி இருட்டு விழுந்திருந்தது இதனால்தான்.

அதனால் விளக்கு லைன் முழுவதற்கும் முன்னால் ஒரு பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் போட்டோம். உள்ளே எவ்வளவு வந்தாலும் வெளியே 12-தான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. இன்றுவரை ஒரு கண்ணிகூடப் போகவில்லை. இந்த வேலை முழுவதிலும் காசுக்கு மேல் உழைத்த பொருள் இது ஒன்றுதான்.

அதில் ஒரு தொல்லையும் வந்தது. விளக்கைப் போட்டால் கொடைக்கானல் எஃப்எம் இரைய ஆரம்பிக்கும். மலைப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு 100.5 கேட்காமல் இருப்பதா? கன்வெர்ட்டரைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, போகிற வயரையும் வருகிற வயரையும் முறுக்கிவிட்டு, இரண்டு பக்கமும் ஃபெரைட் கிளிப் (வயரில் மாட்டும் இரைச்சல் தடுப்பான்) மாட்டியதும் இரைச்சல் அடங்கியது. சிக்னல் பலவீனமான இடத்தில் இன்னமும் லேசாகக் கேட்கிறது. பாட்டா வெளிச்சமா என்று அப்போது முடிவு செய்துகொள்கிறோம்.

நிறத்துக்கு வருவோம். கடையில் கேட்காமலே கையில் கொடுப்பது 6500 கெல்வின் வெள்ளை. கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சம் நீலம் தட்டும், இறங்க இறங்க மஞ்சள் தட்டும். 3000 கெல்வின் வார்ம் ஒயிட் கேட்டதற்கு, "பூஜை ரூமுக்கா சார்?" என்றார் கடைக்காரர். படுக்கைப் பக்கமும் உட்காரும் பக்கமும் 3000 போதும், கண்ணுக்கு இதம். அடுப்பு மேடைக்கு மட்டும் 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான எண்) 90-க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெங்காயம் பொன்னிறமா கருகலா என்பது அதில்தான் தெரியும்.

கூரையில் பட்டையை வெறும் பசையில் ஒட்டினால் அக்னி நட்சத்திரத்துக்குத் தாங்காது. வெயிலில் நிற்கும் வேனின் தகரச் சூட்டில் பசை இளகித் தொங்கிவிடும். எங்களுடையது அலுமினியச் சேனலில், ரிவெட் அடித்து, பால்வெள்ளை மூடி போட்டது. சேனல் சூட்டையும் இழுத்துக்கொள்கிறது. வயர் மல்டி ஸ்ட்ராண்ட் (பல இழை) 1.5 ஸ்கொயர் மி.மீ., பேட்டரி பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ், எல்லா இணைப்பும் கிரிம்ப், அதாவது உலோக முனையை வயரில் நசுக்கி இறுக்கியது. எலக்ட்ரீஷியன் தம்பி, "முறுக்கி டேப் சுத்திடலாம்ணே" என்றான். வேண்டாம் என்று நின்றது நல்லதாயிற்று. கொல்லிமலையின் 70 ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்கி எதுவும் ஆட்டம் காணவில்லை. லாரி உதிரிபாகக் கடையில் வாங்குபவர்கள் 24 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது நம் வண்டியில் எரியவே எரியாது.

வீண் என்றால் கதவுப்படிக்குப் போட்ட மோஷன் சென்சார். உடம்புச் சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது அது. கொடைக்கானல் குளிரில் அருமையாக வேலை செய்தது. மே மாத மதுரையில் கையை ஆட்டி ஆட்டி நிற்க வேண்டியிருந்தது. கழற்றிவிட்டுச் சாதாரண சுவிட்ச் வைத்தாயிற்று, ஒன்று கதவருகே, ஒன்று தலைமாட்டில், டூ-வே, எதிலிருந்தும் போடலாம் அணைக்கலாம்.

அந்தப் படியில் இருக்கும் அரை வாட் ஆம்பர் (தேன்மஞ்சள்) விளக்குதான் இப்போது அதிகம் எரிவது. ராத்திரி அம்மா இறங்கினால் படி தெரிகிறது, மற்றவர்கள் தூக்கம் கெடுவதில்லை. ஆம்பருக்குப் பூச்சியும் குறைவாகத்தான் வருகிறது. முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் நாளில் மட்டும் எந்த நிறமும் செல்லாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வலையை இழுத்துக் கட்டவேண்டியதுதான்.

சின்னக் குறைகள் பாக்கி. டிம்மரைக் குறைத்து வைத்து மொபைலில் வீடியோ எடுத்தால் கோடு கோடாக ஓடுகிறது. படிக்கும் விளக்கோடு சேர்ந்த யுஎஸ்பி சாக்கெட்டில் நீல இண்டிகேட்டர் விடிய விடிய எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் என் மனைவி ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டாள். கன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும், ஆகவே அதற்கு முன்னால் மெயின் சுவிட்ச் ஒன்று கட்டாயம் வையுங்கள். வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது நாங்கள் அதை அணைத்துவிடுகிறோம்.