டிஎன்ஏ சீக்குவன்சிங் செய்து தாறம் எண்டு காசு வாங்கிப் பொய் ரிசல்ட் தாற ஏஜென்ட் – லாப் பிள்ளையள் கவனம்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் தாவரவியல், விவசாயம் படிச்சு முடிச்சிட்டு ரிசேர்ச் அசிஸ்டன்டா, தற்காலிக உதவி விரிவுரையாளரா வேலை செய்துகொண்டு, இல்லாட்டி எம்.பில் பதிஞ்சிட்டு ஓடித்திரியிற ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன். கொழும்பில இருந்து "சீக்குவன்சிங் செய்து தாறம், ஸ்டூடன்ட் ரேட், ரெண்டு கிழமையில ரிசல்ட்" எண்டு வட்ஸ்அப் குறூப்புகளில விளம்பரம் போடுற ஒரு ஏஜென்ட் எனக்குத் தந்த ரிசல்ட் முழுக்கப் பொய். (சீக்குவன்சிங் எண்டது டிஎன்ஏயில இருக்கிற ஏ, சி, ஜி, ரி எண்ட எழுத்துகளை மெஷினால வரிசையா வாசிக்கிறது.) சாம்பிளை மெஷினில போடாமலே ஜென்பாங்க் எண்ட பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில இருந்து எடுத்து ஒட்டித் தந்திருக்கிறார். முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறபடியா ஆளின்ர பேரை இதில போடேல்லை, ஆனா என்னண்டு பிடிபட்டது எண்டதை முழுசாச் சொல்லுறன், ஏனெண்டா இதே ஆளிட்டக் குடுத்துப்போட்டு அந்த ரிசல்ட்டை நம்பித் தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளையள் இருக்கினம்.

என்ர வேலை சின்ன வெங்காயத்தில வாற சுருள் நோய். தோட்டக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, மழை விட்ட கையோட ஒரு பாத்தியில இலை வெளிறி முறுகிச் சுருளத் தொடங்கும், கழுத்து நீளும், கிழங்கு பருக்காது, பிறகு அடுத்த பாத்தி, அதுக்கடுத்த பாத்தி. இதுக்குக் காரணம் கொலெட்டோட்றைக்கம் எண்ட பங்கஸ். அதில எந்த இனம், உரும்பிராயில இருக்கிறதும் அச்சுவேலியில இருக்கிறதும் ஒண்டுதானோ எண்டு பாக்கிறதுதான் என்ர கேள்வி. தோட்டம் தோட்டமாப் போய் இலை எடுத்து, பிடிஏ (உருளைக்கிழங்கு ஊடகம்) பிளேட்டில வளர்த்து, சாம்பல் நிறத்தில படர்ந்து நடுவில செம்மஞ்சளா வித்துத்திரள் வாற வரைக்கும் பாத்து, அதைத் தனியாப் பிரிச்சு, சீடாப் எண்ட இரசாயன முறையில டிஎன்ஏ எடுத்து (அந்த மேர்கப்ரோஎதனோல் மணம் வீட்டை போனாப்பிறகும் கையை விட்டுப் போகாது), பங்கஸை அடையாளம் காணப் பாக்கிற ஐடிஎஸ் எண்ட டிஎன்ஏ துண்டை, அதின்ர அந்தத்தில ஒட்டிற பிரைமர் எண்ட சின்னத் துண்டைப் போட்டு பிசிஆரில பிரதி எடுத்து, ஜெல்லில 550 இல இருந்து 600 பேஸுக்குள்ள (டிஎன்ஏ எழுத்து) பான்ட் வந்தாப்பிறகுதான் சீக்குவன்சிங்குக்கு அனுப்பலாம். அதுவரைக்குமான வேலை எங்கட கையில. கரண்ட் போனா ஜெனரேற்றர் போட்டு, ஃப்ரீசரைத் திறக்க விடாமல் காவல் நிண்டு செய்யிற வேலை.

சீக்குவன்சர் மெஷின் எங்கட லாப்பில இல்லை. வெளிநாட்டுக் கம்பனிக்கு நேர அனுப்பலாம், ஆனா டொலரில கட்டவேணும். 2022 இல டொலர் இருநூறு ரூபாயில இருந்து முந்நூற்றி அறுபதுக்குப் போன நேரம் எங்களுக்கு ஒதுக்கின ஆராய்ச்சிக் காசு அரைவாசியாச் சுருங்கின மாதிரிப் போட்டுது, அந்த அடியில இருந்து சின்னச் சின்னக் கிறான்ட் வைச்சிருக்கிற ஆக்கள் இன்னும் நிமிரேல்லை. கம்பஸ் ஊடா வாங்கிறதெண்டா மூண்டு கொட்டேசன், கமிட்டி, கையெழுத்து எண்டு இழுபடும், அதுக்குள்ள கொன்ட்ராக்ட் முடிஞ்சிடும். ஒரு வருசக் கொன்ட்ராக்டில இருக்கிற ஆளுக்கு நாலு மாசம் எண்டது எவ்வளவு பெரிசு எண்டு நிரந்தர வேலையில இருக்கிறவைக்கு விளங்கிறது கஸ்டம். இந்த இடைவெளிக்குள்ளதான் உந்த ஏஜென்ட்மார் வந்து நிக்கினம். ரூபாயில கட்டலாம், பஸ்ஸில ஐஸ் பெட்டியில போட்டு விடலாம், மிச்சம் எல்லாம் அவை பாப்பினம்.

எல்லாம் ஒழுங்காத்தான் இருந்தது. லெட்டர்ஹெட்டில கொட்டேசன், கீழ பதிவு இலக்கம், சீல். போனில கதைக்கேக்க "தங்கச்சி ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, உங்கட கம்பஸில இருந்து கனபேர் எங்களிட்டத்தான் குடுக்கிறவை" எண்டு அவ்வளவு பணிவு. காசு முழுக்க முற்பணம், ரிசல்ட்டோட சேர்த்து இன்வொய்ஸ் தாறம் எண்டவர். சுப்பவைசரும் கொட்டேசனைப் பாத்துச் சம்மதிச்சவ. என்ர ஒரு மாச அலவன்ஸுக்கும் மேல, பிறகு கிறான்டில இருந்து எடுக்கலாம் எண்டு கைக்காசைப் போட்டுக் கட்டினனான்.

சொன்ன தவணைக்குப் பிந்தித்தான் ரிசல்ட் வந்தது. ஒரு வேர்ட் ஃபைல். அதுக்குள்ள நம்பர் போட்டு வரிசையா எழுத்து. வேறொண்டும் இல்லை. ஒவ்வொண்டையும் கொப்பி பண்ணி பிளாஸ்டில (ஜென்பாங்கோட ஒப்பிட்டுப் பாக்கிற தேடல்) போட்டால் எல்லாம் கொலெட்டோட்றைக்கம், எல்லாம் 99, 100 சதவீதப் பொருத்தம். பாக்க வடிவாத்தான் இருந்தது, லாப்பில எல்லாரும் சந்தோசப்பட்டவை.

ஆனா அனுப்பின ரியூப்புகளில ஒண்டு வெங்காயச் சுருளே இல்லை. எங்கட லாப்பில ஒரு வழக்கம் இருக்கு, வெளியில அனுப்பிற ஒவ்வொரு தொகுதியிலயும் எங்களுக்கு முதலே நல்லாத் தெரிஞ்ச ஒரு சாம்பிளை மற்றதுகள் மாதிரியே நம்பர் மட்டும் போட்டு உள்ள வைச்சு விடுவம். இந்தமுறை வைச்சது பியூசேரியம் எண்ட வேற பங்கஸ், வெங்காயத்தின்ர அடி அழுகலில இருந்து பிரிச்சது, மைக்ரொஸ்கோப்பில பாத்தா அந்தப் பிறை மாதிரி வளைஞ்ச வித்துகளை முதலாம் வருசப் பிள்ளையும் சொல்லும். ஐடிஎஸ் பான்ட் கிட்டத்தட்ட அதே அளவிலதான் வாறது, ஜெல்லில வித்தியாசம் தெரியாது. அதுக்கும் கொலெட்டோட்றைக்கம் எண்டு 100 சதவீதத்தில ரிசல்ட் வந்திருக்கு!

ஏஜென்ட்டுக்கு எடுத்துக் கேட்டன். "உங்கட பக்கம் லேபல் மாறுப்பட்டிருக்கும் தங்கச்சி" எண்டார். சரி, லேபல் மாறினதெண்டு வைப்பம், அப்ப பியூசேரியம் வேறொரு நம்பரிலயாவது வரவேணுமே, ஒரு நம்பரிலயும் இல்லை. அது எங்க போச்சுது எண்டதுக்கு ஆளிட்ட மறுமொழி இல்லை.

பிறகுதான் நானும் கூட வேலை செய்யிற தங்கச்சியும் இருந்து அந்த எழுத்துகளை ஒவ்வொண்டாப் பாத்தனாங்கள். இந்த இடத்தைக் கவனமா வாசியுங்கோ. ஒவ்வொரு சீக்குவன்ஸும் ரி.சி.சி.ஜி.ரி.ஏ.ஜி.ஜி.ரி எண்டு தொடங்குது. அது வேற ஒண்டும் இல்லை, ஐடிஎஸ் ஒண்டு எண்ட பிரைமரின்ர எழுத்துத்தான். நாங்கள் கேட்டது அந்தப் பிரைமரால ஒரு பக்கம் மட்டும் வாசிக்க. 1977 இல பிரெட்ரிக் சாங்கர் எண்ட விஞ்ஞானி கொண்டுவந்த முறையில, பிரைமர் போய் ஒட்டின இடத்துக்குப் பிறகு புதுசாச் சேருற எழுத்தைத்தான் மெஷின் வாசிக்கும், அந்தப் பிரைமரையே அது வாசிக்காது. அதோட முதல் முப்பது நாப்பது எழுத்து எப்பவும் குழம்பித்தான் வரும், அதை வெட்டிப்போட்டுத்தான் பாவிக்கிறது. எங்களுக்கு வந்ததில முதல் எழுத்தில இருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒரு குழப்பம் இல்லை, எழுத்துப் பிடிபடாத இடத்துக்குப் போடுற 'என்' (N) ஒண்டுகூட இல்லை. ஜென்பாங்கில பொருந்தி வந்த அந்த முதல் ரெக்கோட்டைத் திறந்து பாத்தால், அதுவும் பிரைமர் வெட்டாமல் போட்ட ரெக்கோட், அதே எழுத்தில தொடங்கி அதே எழுத்தில முடியுது.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தாச் சந்தேகம் வரும் எண்டு சிலதில ஒண்டு ரெண்டு எழுத்தையும் மாத்தியிருக்கிறார். மாத்தின இடம் 5.8எஸ் துண்டுக்குள்ள. பங்கஸில ஐடிஎஸ் எடுத்தா வித்தியாசம் வாறது அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற துண்டுகளிலதான், நடுவில இருக்கிற 5.8எஸ் இலேசில மாறாத பகுதி. ஒரே நோய், ஒரே மாவட்டம், பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், அதில மற்றப் பகுதி எல்லாம் அச்சொட்டா ஒண்டா இருக்க 5.8எஸ் மட்டும் மாறி நிக்குதெண்டா, அது கையால மாத்தினது.

ஒரு விசயம் நியாயமாச் சொல்லவேணும். எல்லா சாம்பிளுக்கும் ஒரே ஐடிஎஸ் வந்தா அது தானாப் பொய் எண்டு ஆகாது. கொலெட்டோட்றைக்கத்தில ஐடிஎஸ்ஸை மட்டும் வைச்சு இனம் பிரிக்கேலாது, அதில குளோயோஸ்போரியொய்டஸ் எண்ட ஒரு கூட்டத்துக்குள்ளயே 2012 இல இருபத்திரண்டு இனம் எண்டு பிரிச்சு வைச்சிருக்கினம், அதுக்கு மற்ற ஜீன்களும் பாக்கவேணும். அதனால உங்களுக்கு ஒரே மாதிரி வந்தவுடன பயப்படாதேங்கோ. மேல சொன்ன மற்ற அடையாளங்களைப் பாருங்கோ.

ஏபி1 ஃபைலைத் தாங்கோ எண்டு கேட்டனாங்கள். மெஷின் ஒவ்வொரு சாம்பிளுக்கும் தானாத் தாற ஃபைல் அது, நாலு நிறத்தில முடிமுடியா ஏறி இறங்கிற அந்தப் படம் அதுக்குள்ளதான் இருக்கு, ஒவ்வொரு எழுத்துக்கும் எவ்வளவு நம்பலாம் எண்ட புள்ளியும் இருக்கு (இருபது எண்டா நூறில ஒண்டு பிழைக்கலாம், முப்பது எண்டா ஆயிரத்தில ஒண்டு). "அது பெரிய ஃபைல், வெளிநாட்டு லாப் தாறேல்லை" எண்டார். ஏபி1 எண்டது மெயிலில லேசா அனுப்பக்கூடிய சின்ன ஃபைல்தான், தராத லாப்பை நான் கேள்விப்படேல்லை. விடாமல் கேக்க ஸ்கிறீன்சொட் சிலது அனுப்பினவர். எல்லா நம்பருக்கும் ஒரே படம், மேல பேர் மட்டும் வேற, படத்தில இருக்கிற எழுத்தும் வேர்ட் ஃபைலில இருக்கிற எழுத்தும் பொருந்தேல்லை. எந்த லாப்புக்கு அனுப்பினனீங்கள், ஓடர் நம்பரைத் தாங்கோ, மிச்ச சாம்பிளைத் திருப்பி அனுப்புங்கோ எண்டு கேட்ட அண்டைக்கே என்ர நம்பரை புளொக் பண்ணிட்டார். சுப்பவைசரின்ர மெயிலுக்கும் பதில் இல்லை. இன்வொய்ஸும் வரேல்லை, அதால கிறான்டில இருந்து அந்தக் காசு எடுக்கவும் வழி இல்லை.

காசு போனது வேதனைதான். அதைவிட எனக்கு நெஞ்சு கொதிக்கிறது வேற விசயத்துக்கு. உரும்பிராயில ஒரு ஐயா, நான் போற நேரமெல்லாம் மோட்டரை நிப்பாட்டிப்போட்டு வந்து "பிள்ளை, என்னவாம் வருத்தம், என்ன அடிச்சா நிக்கும்" எண்டு கேக்கிறவர். வெங்காயத்துக்கு நகையை அடகு வைச்சு முதல் போடுற ஆக்கள் இவை. சுருளுக்கு மருந்து அடிக்கலாம், விதை வெங்காயத்தை மருந்தில நனைச்சு நடலாம். பியூசேரியம் மண்ணுக்குள்ள வருசக்கணக்கில கிடக்கும், அதுக்கு இலையில அடிச்சுப் பிரியோசனம் இல்லை, பயிரை மாத்தவேணும். இந்தப் பொய் ரிசல்ட் பேப்பராகி, அதை வைச்சு நாளைக்கு ஒரு ஆலோசனை போனா, நட்டம் அந்த ஐயாவின்ர பாத்தியிலதான் விழும். என்ர பேரில வாற பேப்பரில அப்பிடி ஒண்டு நடக்க நான் விடமாட்டன்.

மூல டிஎன்ஏயை நாங்கள் முழுக்க அனுப்பிறேல்லை, மிச்சம் மைனஸ் இருபது பாகை ஃப்ரீசரில இருக்கு, பிளேட்டும் இருக்கு, அதனால திருப்பி பிசிஆர் ஓட்டுறம். இந்தமுறை வேற லாப் ரெண்டோட சேர்ந்து ஒரே ஓடராக் கம்பனிக்கு நேர அனுப்புறம், சேர்ந்து போட்டா அனுப்புகூலி பங்கிடுபடும். ரெஜிஸ்ரேசனை நீட்டக் கேட்டுக் கடிதமும் குடுத்தாச்சு.

ஏஜென்ட் ஊடாத்தான் செய்யவேணும் எண்ட நிலையில இருக்கிற ஆக்கள், காசு கட்ட முதல் ஏபி1 ஃபைல் தருவினம் எண்டும், எந்த லாப்பில ஓடுது எண்டும், அந்த லாப்பின்ர ஓடர் நம்பர் தருவினம் எண்டும் கொட்டேசனிலயே எழுதி வாங்குங்கோ. உண்மையான ஏஜென்ட்மாரும் இருக்கினம், அவை இதுக்கு முகம் சுழிக்காயினம். கம்பனி எண்டு சொன்னாக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின்ர இணையத்தளத்தில பேரைத் தேடிப் பாக்கலாம். எங்களுக்கு வந்த லெட்டர்ஹெட்டில இருந்த பேர் அங்க இல்லை. தெரிஞ்ச சாம்பிள் ஒண்டை நம்பர் போட்டு உள்ள வைக்கிறதை மறக்காதேங்கோ, அதைப்பற்றி ஏஜென்ட்டிட்ட மூச்சும் விடாதேங்கோ.

ஏமாந்தவை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு குடுக்கலாம், தொலைபேசி 1977. 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி சேவை தந்து மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கவேணும், தவணை போக விடாதேங்கோ. வங்கிச் சிலிப், வட்ஸ்அப் கதைச்சது, கொட்டேசன், ஜெல் போட்டோ எல்லாத்தையும் சேர்த்து வையுங்கோ. நாங்கள் குடுத்திட்டம். இன்னும் ரெண்டு மூண்டு பேர் குடுத்தா விசயம் பலக்கும்.

இந்த ஆளிட்டக் குடுத்தனீங்கள் எண்டு சந்தேகம் இருந்தா இண்டைக்கே உங்கட ஃபைலைத் திறந்து முதல் வரியைப் பாருங்கோ. நீங்கள் குடுத்த பிரைமரின்ர எழுத்திலயே தொடங்கினா அதை ஜென்பாங்கில போடாதேங்கோ. ஏற்கனவே போட்டிருந்தா, போட்ட ஆளே அவைக்கு மெயில் அனுப்பி அந்த ரெக்கோட்டை நிப்பாட்டச் சொல்லலாம். சுப்பவைசருக்குச் சொல்லப் பயமா இருந்தா எனக்கு இன்பொக்ஸில எழுதுங்கோ, எங்களுக்கு வந்த வேர்ட் ஃபைலையும் அந்த ஸ்கிறீன்சொட்டுகளையும் அனுப்புறன், உங்கடையோட ஒப்பிட்டுப் பாக்கலாம்.